மூன்றாம் மாடிக்கு இருபத்துநாலு கேன்

தண்ணீர் கேன் போடுகிறவனுக்கு ஒரு வீட்டைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் கேன் கணக்கிலேயே தெரிந்துவிடும். விருந்தாளி வந்தால் ஒரு கேன் கூடும். புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் ஒரு கேன் குறையும், அடுப்பு எரியாது. பதினெட்டு வருஷத் தொழிலில் நான் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாடிதான் பெயர். கீழ்வீடு, முதல் மாடி, இரண்டாம் மாடி. அதற்கு மேல், என் முழங்காலை வாங்குவதற்கென்றே ஒரு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. ஐம்பத்தோரு படி. கேனுக்கு இருபது லிட்டர்.

மூன்றாம் மாடியில் மூன்று பேர். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பத்து நாள்தான் வீட்டில் இருப்பார். அவருடைய அப்பாவை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். பெரிய கம்பெனி கேன்டீனில் நாற்பது வருஷம் தலைமைச் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது ஆள் லாரிக்காரரின் மனைவி. என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன். வாரம் இரண்டு கேன் வாங்கிய வீடு போன வருஷம் திடீரென்று ஐந்து கேட்டது. நான்கு வாரம் பொறுத்தேன். ஐந்தாவது வாரம் கேனை இறக்கி வைத்துவிட்டு, "ஏம்மா, உள்ள ஒட்டகம் ஏதும் கட்டி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேவிட்டேன். அவள் சிரித்து, உள்ளே வந்து பார்க்கச் சொன்னாள்.

இரண்டடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அடியில் வெள்ளை மணல், நடுவில் ஓட்டை ஓட்டையாகக் கல். அதற்குள் விரல் நீளத்தில் இரண்டு மீன்கள், உடம்பெல்லாம் ஆரஞ்சு, குறுக்கே வெள்ளைப் பட்டை. கோமாளி மீன் என்றாள். கடல் மீன். குழாய்த் தண்ணீர் ஆகாது. என் கேன் தண்ணீரில் கடலுப்புப் பொடியைக் கலக்கி அந்தத் தொட்டியில் ஒரு கடலைச் செய்து வைத்திருந்தாள். நான் மூச்சு வாங்க வாங்கத் தூக்கி வந்த நல்ல தண்ணீரை உப்புத் தண்ணீராக்கி மீனுக்கு விடுகிறாளே என்று எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. பொழுதுபோக்குக்கு இது ஒரு கேடு என்று நினைத்தேன். பொழுதுபோக்கு இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அவள் எட்டு வருஷம் இறால் கம்பெனியில் உரிக்கிற வேலை பார்த்தவள். ஐஸ் ரூமில் நின்றபடி, ஐஸில் கையை விட்டுவிட்டு. கடைசி இரண்டு வருஷம் விரல்கள் சுண்ணாம்புபோல வெளுத்து, தொட்டால் தெரியாமல் போயின. ஒரு நாள் கத்தி பட்டு ரத்தம் ஓடுகிறது, பக்கத்தில் நின்றவள் சொல்லித்தான் இவளுக்குத் தெரியும். இன்னும் ஒரு வருஷம் போனால் விரலே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டாள். லாரிக்காரர் சம்பளம் ஒன்றில் மூன்று பேர் சாப்பிட்டு வாடகையும் கொடுக்க முடியாது. அப்போதுதான் கடைத்தெருவில் கண்ணாடித் தொட்டி விற்கிறவர் சொல்லியிருக்கிறார், கோமாளி மீன் ஜோடி சேர்ந்து முட்டை போட்டால் குஞ்சுகளை நகம் அளவு வளர்த்துக் கொண்டு வா, எத்தனை இருந்தாலும் நான் எடுத்துக்கொள்கிறேன் என்று. கடலிலிருந்து வருகிறது பாதி வழியிலேயே செத்துப்போகிறதாம், வீட்டில் பிறந்தது நின்று பிழைக்குமாம்.

பிழைக்கிறது இருக்கட்டும், ஜோடியே நிற்கவில்லை. முதல் ஜோடி மூன்று வாரம். இரண்டாவது ஜோடியும் அப்படியே. வெயில்தான் காரணம், சின்னத் தொட்டி சூடாகிறது என்று தொட்டியின் மேல் ஒரு மேசை விசிறியைத் திருப்பி வைத்தாள். விசிறிக்குக் கீழே தண்ணீர் மளமளவென்று வற்றியது. மட்டத்துக்கு அடையாளமாகக் கண்ணாடியில் ஒட்டியிருந்த டேப் வரைக்கும், அதுவரை காலையில் மட்டும் ஒரு சொம்பு கேன் தண்ணீர் ஊற்றியவள் மாலையிலும் ஒரு சொம்பு ஊற்றி நிரப்பினாள். மூன்றாவது ஜோடி இரண்டே வாரத்தில் போய்ச் சேர்ந்தது. பட்ட காலிலே படும் என்பது பொய்யில்லை.

நான்காவது ஜோடி வந்தபோது லாரிக்காரர் போனில் தீர்த்துச் சொல்லிவிட்டார். இது கடைசி. இதுவும் போனால் தொட்டியை விற்றுவிட்டு ஒன்றாம் தேதி ஐஸ் ரூமுக்குத் திரும்ப வேண்டும், சூப்பர்வைசர் இடம் வைத்திருக்கிறார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

இந்த நேரத்தில் அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஐந்தடித் தொட்டிக்கு விலை பேசினாள். ஏதோ ஒரு உணவு விடுதியை மூடுகிறார்கள். வாசலில் வைத்திருந்த கடல் மீன் தொட்டி, மணலும் கல்லும் விளக்கும் பம்பும் சேர்த்து, ஸ்கூட்டரை விற்றால் கிடைக்கிற காசுக்கு வரும். சனிக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் கண்ணாடியை உடைத்துப் போட்டுவிடுவார்கள். ஸ்கூட்டர் அவளுடையது, இறால் கம்பெனிக்குப் போய்வர வாங்கியது. அதைப் புதன்கிழமையே விற்றுவிட்டாள். "வண்டிய வித்துத் தண்ணி வாங்கறவள இப்பத்தான் பாக்கறேன்" என்று இரண்டாம் மாடி என்னிடம் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன். இல்லை என்றால் பொய்.

சின்னது எவ்வளவு, பெரியது எவ்வளவு என்று அவளும் அவள் புருஷனும் போனில் பேசியது எனக்கே மனப்பாடம். நான் கேன் இறக்கி மூச்சு வாங்கும் நேரமெல்லாம் அதே பேச்சுதான். அவர் கணக்கு நேர்க்கணக்கு. இரண்டடிக்கு மூன்று கேன், ஐந்தடிக்கு இருபத்துநாலு. உப்பு எட்டு மடங்கு. கரண்டு நாலு மடங்கு. யானையைக் கட்டித் தீனி போட நம்மால் ஆகுமா? அவள் கணக்கு வேறு மாதிரி. சின்னது வாங்கியபோது விலை கம்மி, சரி. செத்த மூன்று ஜோடி, அவற்றுக்கு வாங்கிய மருந்து, சூட்டுக்கு விசிறி, எல்லாவற்றையும் கூட்டினால் எட்டு மாதத்தில் ஐந்தடித் தொட்டியைத் தாண்டிவிட்டது. கண்ணாடித் தொட்டிக்காரரைக் கேட்டாளாம். "சின்னத் தொட்டி பணக்காரன் வெக்கறதும்மா. செத்தா வேற வாங்கிக்குவான்" என்றாராம். தான் விற்கிற சரக்கைப் பற்றி இப்படிச் சொல்கிற வியாபாரியை நான் பார்த்ததில்லை.

மாஸ்டர் இதில் எதிலும் தலையிட மாட்டார். தொட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு மீனையே பார்த்துக்கொண்டிருப்பார். மருமகள் காலைத் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே போனதும் எழுந்து, ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, ஒரு கைப்பிடி அள்ளி டம்ளரில் கலக்கி, தொட்டியில் மெதுவாக ஊற்றுவார். என்னைப் பார்த்து, சொல்லாதே என்பதுபோல ஒரு சிரிப்பு. மீனுக்கு ஏதோ டானிக் போலிருக்கிறது என்று நானும் சிரித்து வைப்பேன். பல மாதம் பார்த்தேன். ஒரு நாளாவது வாயைத் திறந்து கேட்டேனா? கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை நான் போனபோது அவள் தொட்டியின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஜோடியில் சின்ன மீன் கல்லோரமாகப் படுத்துக்கொண்டு செவுளைப் படபடவென்று அடித்தது. முன்னால் போன ஆறும் இப்படித்தான் படுத்ததாம். அவள் கையில் உப்புப் பார்க்கிற மிதவை இருந்தது. கண்ணாடிக் குழாய். தண்ணீரில் விட்டால் நேராக நின்று மிதக்கும், உப்பு கூடக் கூட உயரமாக நிற்கும். கழுத்தில் அளவு எண்கள், நடுவே ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் மட்டம் அதில் நின்றால் கடல் உப்பு. புதுத் தண்ணீர் கலக்கும்போதெல்லாம் வாளியில் விட்டுப் பார்த்துத்தான் ஊற்றுவாள். விரல்தான் மரத்துப்போனதாயிற்றே, அன்று மிதவை நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. விழுந்தது நிமிர்ந்து நின்றது. சிவப்புக் கோடு தண்ணீருக்கு மேலே ஒரு விரல் உயரத்தில்.

மிதவை கெட்டுப்போயிற்று என்று நினைத்து எடுத்து, அன்று கலக்கி வைத்திருந்த வாளியில் விட்டாள். சரியாக இருந்தது. மறுபடி தொட்டியில் விட்டாள். ஒரு விரல் உயரம். மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"தொட்டியில நான் பாக்கறதே இல்லண்ணே" என்றாள். "வாளியில சரியா இருந்தா உள்ளயும் சரியாத்தான இருக்கணும்? வத்தறப்ப தண்ணிதான் ஆவியாப் போவுது, உப்பு அப்படியே தங்கிடுது. அதனாலதான் வெறும் தண்ணியா ஊத்தி நெரப்பறேன். அப்பறம் எப்படி உப்பு ஏறும்?"

மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஆட்காட்டி விரலைத் தொட்டியில் விட்டு நாக்கில் வைத்தார். பிறகு வாளியில் விட்டு வைத்தார். அறுநூறு பேர் சாப்பாட்டை ஒரு சொட்டில் சோதித்த நாக்கு அது. பிறகு ஜன்னலுக்குப் போய்த் திரையை விலக்கி, அந்த டப்பாவைக் கொண்டுவந்து மருமகள் முன்னால் தரையில் வைத்தார். அவள் மூடியைத் திறந்தாள். சமையலுப்பு, கால் டப்பா மிச்சம்.

"எத்தன நாளா மாமா?"

"மொதத் தொட்டி வெச்ச நாள்லேர்ந்து. நீ ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணியா ஊத்துன. கடல் மீனாச்சே, உப்பு போட மறந்துட்டுப் போறன்னு நெனச்சேன். சொம்புக்கு ஒரு கை."

"வத்துனா உப்பு தங்கும்னு உங்களுக்குத் தெரியாதா மாமா? உங்களுக்கா?"

"அடுப்புல கொதிச்சா வத்தும்னு தெரியும். இது எங்கம்மா கொதிக்குது? தொட்டி எங்கயோ கசியுதுன்னு நெனச்சேன். கசிஞ்சா உப்பும் சேந்துதான போவும்."

விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மீன் பிழைக்கட்டும் என்று இவள் விசிறி வைத்தாள். விசிறியால் ஒரு சொம்பு வற்றிய இடத்தில் இரண்டு வற்றியது. இரண்டு சொம்புக்கு அவர் இரண்டு கை போட்டார். கெடுதல் நினைத்தவர் அந்த வீட்டில் ஒருவருமில்லை. பார்த்துக்கொண்டு சும்மா இருந்த நான் வெளியாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா, நீ மறந்தத சொல்லிக் காட்டுன மாதிரி ஆயிடும். சமையல்லயும் நான் சொன்னதில்லயேம்மா."

சொன்ன பிறகுதான் மாஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் தலையைத் தூக்கி, "சமையல்லயா?" என்றாள்.

மென்று முழுங்கி எல்லாவற்றையும் சொன்னார். கல்யாணமாகி வந்த முதல் வாரம் அவள் சமைத்ததில் உப்பே இல்லை. மகன் சாப்பிட உட்காரும் முன்பு இவர் அடுப்படிக்குப் போய்ச் சத்தம் போடாமல் சரிசெய்துவிட்டார். புதுப்பெண், முகம் வாடக் கூடாது என்று. இரண்டாவது நாளும் அப்படியே. அது பதினோரு வருஷமாக நடக்கிறது. அவள் சட்டியை இறக்கிவிட்டுக் கை கழுவப் போகிற நேரம் இவருக்குப் போதும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லிக்காட்டாமல் பதினோரு வருஷம் ஒரு மாமனார் இருந்திருக்கிறார் என்றால், அவரை நான் என்னவென்று திட்டுவது? அவளோ, தன் கை ருசி நல்ல ருசி என்று நம்பிக்கொண்டிருந்தவள்.

அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை, கத்தவுமில்லை. "ஆறு மீனு மாமா" என்றாள், அவ்வளவுதான். அவள் எழுந்து விசிறியை நிறுத்தினாள். தொட்டியிலிருந்து ஒரு சொம்பு மொண்டு கொட்டினாள், கேனிலிருந்து ஒரு சொம்பு ஊற்றினாள். ஒரேயடியாகக் குறைத்தால் மீன் தாங்காது, அரைமணிக்கு ஒரு சொம்பாக நாளெல்லாம் மாற்ற வேண்டும். இரண்டு தடவை அவள் செய்தாள். மூன்றாவது தடவை மாஸ்டர் கையை நீட்டினார். அவள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்துவிட்டுச் சொம்பைக் கொடுத்தாள். "மிதவையப் பாத்து நம்பர் சொல்லுங்க மாமா. ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லுங்க" என்றாள். என்னிடம் இன்னொரு கேன் கேட்டாள். ஐம்பத்தோரு படியும் இறங்கி ஏறினேன். முழங்கால் அன்று ஒன்றும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு லாரிக்காரர் வந்து சேர்ந்தார். சின்ன மீன் எழுந்துவிட்டது, ஒரு பக்கம் சாய்ந்து நீந்தினாலும் நீந்தியது. பெரியது பக்கத்திலேயே நின்றது. அப்பாவே எல்லாவற்றையும் மகனிடம் சொல்லிவிட்டார், ஒரு வார்த்தை மறைக்கவில்லை. லாரிக்காரர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. நியாயமான மனிதர் கேட்கிற கேள்வியைத்தான் அவரும் கேட்டார்.

"அப்போ தப்பு தொட்டிமேல இல்ல, அப்பாமேல. அப்பா உப்பு போடறத நிறுத்திட்டா இந்தச் சின்னத் தொட்டியே போதுமே. எதுக்குப் பெருசு? வண்டிப் பணமாவது மிஞ்சும்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. கேனைச் சாய்த்து நிறுத்திவிட்டு அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று நின்றேன்.

"இன்னிக்கு மாமா. நாளைக்கு நானே தப்பு பண்ணுவேன். நாளன்னிக்குக் கரண்டு போவும். தப்பே நடக்காத வீடு எங்கங்க இருக்கு?" என்றாள். "மாமா போட்ட அதே கைப்பிடி. இதுல மூணு வாரத்துல கொன்னுடுச்சு. எட்டு மடங்கு தண்ணியில அதுக்கு ஆறு மாசம் ஆவும். ஆறு மாசத்துல நான் கண்டுபிடிச்சிருவேன். மூணு வாரத்துல என்னால முடியல. நான் பெரிய தொட்டி கேக்கல, கொஞ்சம் டைம் கேக்கறேன். ஐஸ் ரூமுக்குப் போனா இந்த வெரலுக்கு யாரு டைம் குடுப்பா?"

கையை அவர் முன்னால் விரித்துக் காட்டினாள். அந்த வெயிலிலும் நகத்தைச் சுற்றி வெளுப்பு இருந்தது. லாரிக்காரர் அந்தக் கையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

மாஸ்டர்தான் பேசினார். "ஆறு பேருக்கு ஆக்கறதுதான்டா கஷ்டம். ஒரு சிட்டிக கூடுனா எலயில சோறெல்லாம் மிஞ்சிடும். அறுநூறு பேருக்கு ஆக்குறப்ப கைப்பிடி கூடுனாக்கூட சுதாரிச்சுக்கலாம். நாப்பது வருஷம் அந்த அண்டாதான் எம்மானத்தக் காப்பாத்துச்சு. நான் பெரிய சமையக்காரன்னு ஊரு சொன்னதுல பாதி அண்டாவோட பெருமை."

லாரிக்காரர் தரையைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு, மூன்றாவது மாடித் தளம் அரை டன் தாங்குமா என்று கேட்டார். கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டியாயிற்று, உத்தரத்துக்கு மேலே சுவரை ஒட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார் என்றாள் அவள். செய்வன திருந்தச் செய்கிறவள். லாரிக்காரர் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு, "சரி, நாளைக்கு எத்தன மணிக்கு வரச் சொன்னாங்க?" என்றார்.

சனிக்கிழமை அந்தத் தொட்டி லாரியில் வந்தது. ஐம்பத்தோரு படியில் ஆறு பேர் சேர்ந்து ஏற்றினோம். திருப்பம் வரும் இடத்திலெல்லாம் நின்று, ஏலேலோ பாடாத குறை. இரண்டாம் மாடி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, சிரிப்பதை நிறுத்தி, அதுவும் ஒரு கை பிடித்தது. அதற்குப் பிறகு என் பங்கு. இருபத்துநாலு கேன். பெரிய தொட்டிக்கு என்ன விலை என்று யாராவது கேட்டால் என் முழங்காலைக் கேட்கச் சொல்லுங்கள். பத்தாவது கேனில் திட்ட ஆரம்பித்தேன். பதினைந்தாவதில் திட்டக்கூட மூச்சு இல்லை. இருபதாவதில் மாஸ்டர் இரண்டாம் மாடி வரை இறங்கி வந்து கேனின் அடியைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

மணல், கல், பிறகு தண்ணீர், உப்பு. மாஸ்டர் மிதவையைத் தொட்டிக்குள்ளேயே விட்டு ஒவ்வொரு அளவையும் உரக்கச் சொன்னார், அவள் உப்பைக் குறைத்தும் கூட்டியும் போட்டாள். சிவப்புக் கோட்டில் வந்து நின்றபோது மணி மூன்று. தண்ணீர் கலங்கலாக இருந்தது. ஜோடியை உள்ளே விட இன்னும் பத்து நாளாவது ஆகுமாம். அதுவரை சின்னத் தொட்டியில் இருக்கட்டும், இனி அதில் உப்புப் போட யாருமில்லை.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவள் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளே சமைத்தது. வியாழனிலிருந்து தொட்டி வேலையில் அணைந்திருந்த அடுப்பு அன்றுதான் எரிந்தது. அடுப்பை அணைத்ததிலிருந்து மாஸ்டர் நாற்காலியை விட்டு அசையவில்லை, இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். நால்வருக்கும் பரிமாறி முடித்து, முன்பு திரைக்குப் பின்னால் இருந்த அந்த டப்பாவை நடுவில் கொண்டுவந்து வைத்தாள்.

லாரிக்காரர் ஒரு வாய் வைத்தார். மென்றார். மனைவியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். மாஸ்டர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு கம்மியா இருக்கே" என்றார் லாரிக்காரர், மெதுவாக.

"பதினோரு வருஷமா கம்மிதாங்க" என்றாள் அவள். "முந்தாநேத்துத்தான் எனக்கும் தெரிஞ்சுது. நாளைக்குக் கூட்டிப் போடறேன். அதுவரைக்கும் இங்க டப்பா இருக்கு, வேணுங்கறவங்க கேட்டுப் போட்டுக்கலாம்."

மாஸ்டர் முதலில் கையை நீட்டினார். டப்பாவுக்கு அருகில் போன கை நின்றது.

"போட்டுக்கவாம்மா?" என்று கேட்டார்.

"போட்டுக்கங்க மாமா."

ஒரு சிட்டிகை எடுத்துத் தன் தட்டில் மட்டும் தூவிக்கொண்டு, டப்பாவை மகன் பக்கம் தள்ளினார். எனக்கும் உப்பு கம்மிதான். ஆனால் நான் கேட்கவில்லை. இருபத்துநாலு கேன் சுமந்தவனுக்கு உதட்டில் வழிந்த வேர்வையே போதுமாக இருந்தது.